ஹஃப்ஸா தேர்ந்தெடுத்த வரிசை

ஹஃப்ஸாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று சொன்னதும் எங்கள் முதலாளி பாரூக், "எழுதுங்க கிறிஸ்துராஜ் அண்ணே, ஆனா கம்பெனி பேரு மட்டும் வேண்டாம்" என்றார். சரி, பேர் வேண்டாம். ராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட் பக்கம், பேண்டேஜ் துணி விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தேடிப் பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளட்டும்.

எங்கள் தொழில் போன் போடுவது. நாங்கள் போடுவதில்லை, கம்ப்யூட்டர் போடும். பள்ளிவாசல் செயலாளரோ, சர்ச் உபதேசியாரோ, பால் சொசைட்டிக்காரரோ தன் போனில் நாலு வரி பேசிப் பதிவு செய்தால், அந்தக் குரல் அவர்களுடைய ஆட்கள் அத்தனை பேருக்கும் அழைப்பாகப் போய்ச் சேரும். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களும் காதில் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம். நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவு, இன்றைக்குப் பால் வண்டி லேட் என்று எதெதற்கோ போகும். ஆனால் அதிகம் போவது சாவுச் செய்திதான். ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பது நான். அழைப்பு வரவில்லை என்றால் ஏச்சு வாங்குவதும் நான். சாப்ட்வேர் முழுக்க ஹஃப்ஸா.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். முப்பதைத் தொடப்போகிற வயது. அவளுடைய அத்தா பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக் கடை வைத்திருந்தார். மகளை இன்ஜினியரிங் படிக்கவைத்து, சென்னைக்கு வேலைக்கு அனுப்பி, அதன் பிறகு படுக்கையில் விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள், அவர் போன பிறகும் அம்மாவுக்காக இங்கேயே தங்கிவிட்டாள். பேச்சு குறைவு. நான் ஏதாவது கதை அளந்தால், "அண்ணே, இது நீங்க பாத்ததா, யாரும் சொன்னதா?" என்று கேட்பாள். யாரோ சொன்னது என்றால் காது கொடுக்கமாட்டாள். இப்படி ஒரு பெண்ணோடு ஒரே அறையில் வேலை பார்ப்பது லேசு இல்லை. ஆனால் அவள் லீவு போட்ட நாட்களில் பாரூக்கின் முகத்தைப் பார்த்தால் அவள் அருமை தெரியும்.

அவள் குடும்பத்தில் ஒரு பிளவு இருந்தது. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் வாசிக்கிறவர்களுக்கு இப்போதே தெரிய வேண்டும், இல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது.

அவள் அம்மா மெகராஜ் பேகம் பிறந்தது ராஜபாளையத்தில். கூடப் பிறந்தவர் ஒரே அண்ணன், ஜெய்னுலாப்தீன். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் தங்கையை அவர்தான் வளர்த்து ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்தார். அவருடைய மகன் இம்ரானுக்கு ஹஃப்ஸாவைச் செய்வது என்று அவள் தொட்டிலில் கிடந்தபோதே பேச்சு. ஹஃப்ஸா வளர்ந்து, வேண்டாம் என்றாள். இம்ரான் நல்ல பையன்தான், குடிப்பழக்கம் கிடையாது, சென்னையில் உத்தியோகம். அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். மெகராஜ் பேகம் மகள் பக்கம் நின்றார். அண்ணன் சண்டை போட்டிருந்தால் ஒரு பெருநாளில் சரியாகியிருக்கும். அவர் சத்தமே போடவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். கல்யாண வீடுகளில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அண்ணன் மனைவி பர்வீன் மட்டும், "படிச்ச புள்ளைக்காக அண்ணன வேண்டாம்னுட்டா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிவைத்தார்.

அந்த வீட்டிலிருந்து மெகராஜ் பேகத்துக்கு நல்லது கெட்டது எதற்கும் போன் வராது. வருவதற்கு ஒரே வழி எங்கள் லைன்தான். ஊரைவிட்டுக் கட்டிக்கொடுத்த பெண்களுக்கும் மவுத்துச் செய்தி போய்ச் சேர வேண்டும் என்று ராஜபாளையம் ஜமாத்துச் செயலாளர் சிக்கந்தர் அவர்கள் நம்பர்களையும் சேர்த்திருந்தார். மவுத்து என்றால் சாவு. அந்த வகையில் மெகராஜ் பேகத்தின் நம்பரும் அதில் இருந்தது. தன் பிறந்த ஊரில் யார் இறந்தாலும் அவருக்கு அழைப்பு வரும். இன்னார் என்று பேர் கேட்கும் வரைக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம்.

இனி அந்த வரிசை விஷயம். முதலில் எல்லாம் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஓடியது. கரண்ட் போனால் அதுவும் போகும். ஒரே நேரத்தில் நாலு இடத்திலிருந்து பதிவு வந்தால் திணறும். அதனால் பெரிய கம்பெனிகள் வாடகைக்குத் தருகிற மெசேஜ் கியூ ஒன்றுக்கு மாறிவிடலாம் என்று பாரூக் முடிவெடுத்தார். பதிவான குரல் நேராகப் போனுக்குப் போய்விடுவதில்லை. போக வேண்டிய ஒவ்வொரு அழைப்பும் ஒரு வரிசையில் நிற்கும், அங்கிருந்து ஒவ்வொன்றாக எடுத்து போன் அடிக்கும். அந்த வரிசையைத்தான் கியூ என்கிறார்கள். அதை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருக்கும், ராஜபாளையத்தில் கரண்ட் போனால் அதற்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கம்பெனி, எந்த வகை என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பு ஹஃப்ஸாவுக்கு.

கம்பெனிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றாள். வகையில்தான் சிக்கல். அவள் எனக்கு விளக்கியதை நான் ரேஷன் கடையாகப் புரிந்துகொண்டேன். முதல் வகையில் ஒரே வரிசை, முன்னால் நிற்கிறவர் முடித்தால்தான் பின்னால் நிற்கிறவர். யாராவது ஒருவருக்குக் கைரேகை விழவில்லை என்றால் அத்தனை பேரும் காத்துக் கிடக்க வேண்டியதுதான். இரண்டாவது வகையில், ரேகை விழாதவரைச் செத்த நேரம் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு மற்றவர்களை அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வேலை நிற்காது. ஆனால் முதலில் வந்தவர் முதலில் போவார் என்று சொல்ல முடியாது.

முதல் வகையை எங்கள் சபையில் வைத்துச் சோதித்துப் பார்த்தோம். அசனம் என்கிற சபை விருந்துக்கான அழைப்பு. முன்னால் இருந்த யாரோ ஒருவர் போனை அணைத்து வைத்திருக்க, அவருக்கே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு இருந்ததில் பின்னால் எல்லாம் தேங்கிவிட்டது. பந்தி முடிந்து அண்டா கழுவிக்கொண்டு இருக்கும்போது, "அன்பானவர்களே, சாப்பிட வாருங்கள்" என்று பாதி சபைக்குப் போன் போனது. என் மனைவி ஏசம்மாள் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ஹஃப்ஸா சிரிக்கவில்லை. "இதே மவுத்துச் சேதியா இருந்தா என்னண்ணே ஆகும்?" என்றாள்.

அதனால் இரண்டாவது வகை பக்கம் சாய்ந்தாள். சாய்ந்தாளே தவிர, வரிசை மாறலாம் என்று அந்தக் கம்பெனிக்காரனே எழுதிவைத்திருந்தது அவளை உறுத்தியது. ஒரே சாவுக்கு இரண்டு செய்தி பதிவாகி, இரண்டாவது முதலாவதை மாற்றுகிற மாதிரி இருந்தால்தான் வரிசை மாறுவது ஆபத்து. அப்படி நடக்குமா என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டாள். எங்கள் பக்கம் அடக்க நேரம் மாறினாலும் முந்தின நாள் சாயங்காலமே மாறிவிடும், இடையில் ஒரு ராத்திரி கிடக்கிறது என்று நான் சொன்னேன். சிக்கந்தரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டாள்.

"மவுத்துக்கு நேரம் சொன்னா சொன்னதுதாம்மா" என்றார் அவர். "மையித்த வீட்டுல வச்சுக்கிட்டு யாரு நேரத்த மாத்துவா? நம்ம ஆளுக மாத்தமாட்டாக." மையித்து என்றால் இறந்தவரின் உடல்.

வீட்டில் அம்மாவிடமும் கேட்டாள். "நான் பொறந்ததுல இருந்து அப்படிக் கேள்விப்பட்டதில்ல" என்று மெகராஜ் பேகமும் சொல்லிவிட்டார். ஹஃப்ஸாவுக்கும் தன் ஜனங்களைத் தெரியும். சின்ன வயதிலிருந்து எத்தனையோ மவுத்து வீடுகளைப் பார்த்தவள். லுஹர் என்று சொன்னால் மத்தியானத் தொழுகை முடிந்ததும் எடுப்பார்கள், அஸர் என்று சொன்னால் சாயங்காலத் தொழுகை முடிந்ததும் எடுப்பார்கள். சொன்ன நேரம் ஒருநாளும் பிசகியதில்லை. கேட்டதையும் பார்த்ததையும் சேர்த்துத்தான் அவள் முடிவெடுத்தாள். இரண்டாவது வகையே போதும் என்றாள், பாரூக் சரி என்றார். போன் எடுக்காதவர்களுக்குச் சிறிது இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்ப அடிக்கும்படி அமைத்தாள். யாருக்கும் எதுவும் விட்டுப் போகக் கூடாது என்பது அவள் பிடிவாதம். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்கு ஏச்சு விழுவது நின்றுபோனது.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை ஜெய்னுலாப்தீன் இறந்துபோனார். நெஞ்சு வலி என்று முந்தின ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மகன் இம்ரான் சென்னையிலிருந்து வர வேண்டும், எப்படியும் மத்தியானம் தாண்டிவிடும் என்று வீட்டில் இருந்தவர்கள் கணக்குப் போட்டு அஸர் என்று சொல்லிவிட்டார்கள். சிக்கந்தர் அப்படியே பதிவு செய்தார். ஆனால் இம்ரான், வலி என்று கேள்விப்பட்டதுமே ராத்திரி ரயிலில் ஏறியிருக்கிறான். அழுதுகொண்டு இருந்த வீட்டில் யாருக்கும் அது உறைக்கவில்லை. காலையில் அவன் வாசலில் வந்து நின்றதும், இனி எதற்குக் காத்திருக்க வேண்டும், சீக்கிரம் அடக்குவதுதான் நல்லது என்று பெரியவர்கள் லுஹருக்கு மாற்றிவிட்டார்கள். சிக்கந்தருக்கு நேரத்தை மாற்றிச் சொல்லிப் பழக்கமே இல்லை. மாற்றம் என்ற வார்த்தையைக்கூடச் சொல்லாமல், முதலில் பேசியதையே திரும்பப் பேசி, அஸர் என்ற இடத்தில் லுஹர் என்று போட்டுவிட்டார்.

முதல் பதிவின் அழைப்பு வந்தபோது மெகராஜ் பேகத்தின் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அவர் வாசலில் பக்கத்து வீட்டு வெள்ளத்தாயோடு குழாயடியில் நின்றார். எடுக்கவில்லை என்பதால் அந்த அழைப்பு ஓரமாகப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது பதிவின் அழைப்பு வந்தபோது எடுத்துவிட்டார். அண்ணன் இறந்துவிட்டார், லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்.

ஹஃப்ஸா அப்போது ராஜபாளையம் பஸ்ஸில் இருந்தாள். அம்மா போனில், "ஏட்டி, மாமா போயிட்டாகடி. லுஹருக்காம். திரும்பி வா" என்று சொல்லவும், வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸைப் பிடித்தாள். வீட்டுக்குள் நுழையும்போது அம்மா வெள்ளைத் துப்பட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கிளம்பலையாம்மா?"

"அஸருக்கு மாத்திட்டாக போல. இப்பத்தான் இன்னொருக்க வந்துச்சு" என்றார் அம்மா. "இம்ரான் வரணும்ல. அவனுக்காக வச்சிருப்பாக."

ஓரமாக உட்கார்ந்திருந்த பழைய அழைப்பு முறை வந்ததும் எழுந்து வந்திருக்கிறது. பிந்தி வந்ததுதான் புதுச்செய்தி என்று யார்தான் நினைக்கமாட்டார்கள்? ஹஃப்ஸாவும் நினைத்தாள். இம்ரானுக்காகக் காத்திருப்பார்கள் என்பது அவளுக்கும் நியாயமாகப் பட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்ததாம், அம்மாவுக்கு மனதைத் தேற்றிக்கொள்ள நேரம் கிடைத்தது என்று.

சீக்கிரமே போயிருக்கலாமே என்று கேட்பவர்கள், பிணங்கிய வீட்டுக்கு ஒருநாளும் போகாதவர்களாகத்தான் இருப்பார்கள். "முன்னாலயே போயி அந்த மைனி பக்கத்துல எம்புட்டு நேரம் உக்கார முடியும்? எடுக்குறதுக்குச் செத்த முந்திப் போயி, எங்க அண்ணன் முகத்த மட்டும் பாத்துட்டு வந்துருவேன்" என்றார் மெகராஜ் பேகம். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டில் வைத்து முகம் பார்ப்பதோடு சரி. மூன்று வருஷமாகத் திரும்பிக்கொண்டே போன அந்த முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவருக்கு இருந்தது அந்த ஒரே ஒரு தருணம்தான்.

ஹஃப்ஸாவின் போனில் இம்ரான் நம்பர் இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டு நேரம் கேட்டுவிடலாமா என்று எடுத்துப் பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லிவிட்ட ஒருவனிடம், அவன் தகப்பன் இறந்த அன்றைக்கு முதல் வார்த்தையாக என்ன பேசுவது? போனைக் கீழே வைத்துவிட்டாள்.

லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். அம்மா தொழுகை விரிப்பை விரித்து நின்றார். ஹஃப்ஸா சும்மா இருக்கமாட்டாமல் அம்மாவின் போனைக் கையில் எடுத்து, வந்த அழைப்புகளைப் பார்த்தாள். எங்கள் லைனிலிருந்து எடுத்த அழைப்புகள் இரண்டு. அவற்றுக்குக் கீழே, சற்று முந்தி வந்து எடுக்காமல் போன அழைப்பு ஒன்று.

எனக்குப் போன் வந்தது. இறந்தவர் அவளுக்குச் சொந்தக்காரர் என்று எனக்கு அதுவரை தெரியாது, அன்றைக்கு அவள் லீவு என்று மட்டும்தான் தெரியும்.

"அண்ணே, ராஜபாளையம் ஜமாத்துல காலையில மொதல்ல பதிவானது எது? லுஹரா, அஸரா?"

பார்த்துச் சொன்னேன். "அஸருதான் மொதல்ல. பொறவுதான் லுஹர். ஏம்மா?"

போனை வைத்துவிட்டாள்.

அம்மா தொழுகையில் இருந்தார். தொழுகிறவரை நடுவில் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் போய் நின்றாள். மெகராஜ் பேகம் என்றைக்கும் நிதானமாகத் தொழுகிறவர், அன்றைக்கு இன்னும் நிதானம். நெற்றியைத் தரையில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை, அண்ணனுக்காகக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அதே நேரம் ராஜபாளையத்திலும் அதே தொழுகைதான். அங்கே அது முடிந்ததும் மையித்தை முன்னால் வைத்து ஜனாஸாத் தொழுகை, அதுவும் முடிந்தால் தூக்கிவிடுவார்கள். "அண்ணே, எங்கம்மா பின்னால நின்னு, 'சீக்கிரம்மா, சீக்கிரம்மா'ன்னு மனசுக்குள்ள கத்துனேன்" என்று என்னிடம் சொல்லும்போது ஹஃப்ஸா தன் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கும் தாங்கவில்லை.

அம்மா சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும், "லுஹருக்குத்தாம்மா, லுஹருக்குத்தான்" என்று கையைப் பிடித்து எழுப்பினாள். வெள்ளத்தாயின் மகன் பாண்டி ஆட்டோ ஓட்டுகிறவன். சாப்பிட உட்கார்ந்தவன் கையைக்கூடக் கழுவாமல் வண்டியை எடுத்தான். வழியெல்லாம் மெகராஜ் பேகம் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தெருமுனையில் ஆட்டோ திரும்பும்போது எதிரில் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மையித்தை வைத்துத் தூக்கிப்போகிற பெட்டி அது. போகும்போது நாலு பக்கமும் தோள் மாற்றி மாற்றிப் போகும். இப்போது இரண்டு பேர் லேசாகப் பிடித்துப் பள்ளிவாசலுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். அவர்கள் கைலியில் செம்மண் ஒட்டியிருந்தது. மெகராஜ் பேகம் பாண்டியின் தோளைத் தட்டி ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கி, அந்தப் பெட்டி தன்னைக் கடந்து போகிற வரைக்கும் நடுத்தெருவில் நின்றார். பிறகு வீட்டுக்கு நடந்தார்.

உள்ளே பெண்கள் கூட்டம். பர்வீன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க, வாங்க" என்றார். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? எடுத்துட்டாகளான்னு விசாரிச்சுட்டு வந்தீகளோ?"

ஹஃப்ஸா முன்னால் வந்தாள். "மாமி, அம்மா மேல தப்பு இல்ல. அந்தப் போனு..." என்று ஆரம்பித்தாள். சொல்லிவிடுவது என்று ஆட்டோவிலேயே தீர்மானித்திருந்தாள். தன்னுடைய வேலை, தன்னுடைய முடிவு, தன்னால் வந்தது என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வலிக்கிற அளவுக்கு அழுத்தினார்.

"நான்தான் மைனி" என்றார் மெகராஜ் பேகம். "லுஹர்னு சொன்னத அஸர்னு காதுல வாங்கிட்டேன்."

"அண்ணன் மவுத்துக்கு நேரத்த மாத்திக் காதுல வாங்குனவ தங்கச்சியா?" என்று பர்வீன் கேட்டார். வாசலில் நின்ற இம்ரான் தலை குனிந்துகொண்டான்.

"ஆமா மைனி" என்றார் மெகராஜ் பேகம். அந்தப் பெண்களுக்கு நடுவில் இடம் தேடி உட்கார்ந்து, அஸர் பாங்கு சொல்லும் வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் ஹஃப்ஸா கேட்டாள். "ஏம்மா அப்படிச் சொன்னீக?"

"ஒன்னால அண்ணன விட்டேன்னு அவ ஏற்கனவே ஊரெல்லாம் சொல்லிட்டா. இப்ப முகம் பாக்காததும் ஒன்னாலதான்னு சொல்ல அவளுக்கு நானே அடி எடுத்துக் கொடுக்கணுமாக்கும்?" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "ஒம்மேல கோவம் இல்லன்னு நெனைக்காத. இருக்கு. அம்புட்டும் இருக்கு. அது எனக்கும் ஒனக்கும். அடுத்தவளுக்கு அதுல பங்கு கெடையாது" என்றார்.

மறுநாள் ஹஃப்ஸா ஆபீசுக்கு வந்து எங்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாரூக் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஜமாத்துல இருந்து யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலைல்ல?" என்றார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன். முதலாளி என்றும் பார்க்காமல் அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. ஹஃப்ஸா எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் வேலையைத் தொடங்கிவிட்டாள்.

கியூவை மாற்றினாள். முதல் வகைதான், ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே வரிசை இல்லை. ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி வரிசை. ஒருவர் எடுக்காவிட்டால் அவருடைய வரிசை மட்டும்தான் நிற்கும், மற்றவர்களுக்குத் தேங்காது. ஒரே போனுக்குப் போகிற செய்திகள் எந்தக் காலத்திலும் முன்பின்னாகப் போகாது. நேரம் மாறினால் மாறியது என்று சொல்ல வேண்டும் என்று சிக்கந்தரிடமும் போய்ச் சொன்னாள். அன்றைக்கு வேறு சிலரும் பிந்தித்தான் வந்தார்கள், தங்கள் காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவர் சொன்னார்.

"இப்படி வச்சிருந்தா அன்னைக்கே சரியாயிருக்குமா?" என்று நான் கேட்டேன்.

"இருக்கும்ணே."

"இது முன்னாலயே அந்தக் கம்பெனில உண்டா?"

"உண்டு. படிச்சேன். தேவையில்லைன்னு விட்டுட்டேன்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. டீ வாங்கப் போகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன்.

வீட்டில் மெகராஜ் பேகம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. சமைத்தார், துவைத்தார், மகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுத்தார். ஒன்று மட்டும் சொன்னார்: "ராஜபாளையம் ஜமாத்துல இருந்து என் நம்பர எடுத்துரு." ஹஃப்ஸா சரி என்று சொன்னாளே தவிர எடுக்கவில்லை. பிறந்த ஊரோடு அம்மாவுக்கு மிச்சமிருந்த கடைசித் தொடர்பைத் தன் கையாலேயே அறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. "எடுத்துட்டியா?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "வேலையா இருந்துட்டேம்மா" என்று சமாளித்துக்கொண்டு இருந்தாள்.

கார்த்திகையில் ராஜபாளையத்தில் யாரோ ஒரு வயதானவர் இறந்துபோனார். இவர்களுக்குச் சொந்தம் இல்லை. சாயங்காலம் ஹஃப்ஸா வீட்டில் இருக்கும்போது அம்மாவின் போன் அடித்தது. திரையில் எங்கள் லைன் நம்பர். மெகராஜ் பேகம் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. ஹஃப்ஸா அமைத்து வைத்தபடியே இடைவெளி விட்டு மறுபடி அடித்தது. இப்போதும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை அடித்தபோது ஹஃப்ஸா கையை நீட்டினாள். அம்மா அவள் கையை விலக்கிவிட்டு, அடித்துக்கொண்டு இருக்கிற போனையே பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் முதல் தடவையாக அழுதார்.

"எடுத்துரு ஹஃப்ஸா" என்றார். "இது அடிக்கிறப்பல்லாம் எங்க அண்ணன் அன்னைக்குத்தான் மவுத்தாகுறாக. ஒவ்வொரு தடவையும் நேரத்துக்குப் போயிரலாம்னு நான் எந்திரிக்கிறேன்டி."

மறுநாள் காலையில் ஆபீசுக்கு வந்ததும் ஹஃப்ஸா முதல் வேலையாக அந்த நம்பரை எடுத்துவிட்டாள். எடுத்ததை என்னிடம் சொன்னாள்.